மூன்றாவது ஹாரன்

உங்கள் வண்டியின் பிரேக் நாளைக் காலையிலும் பிடிக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நேற்றுப் பிடித்தது என்பதைத் தவிர வேறு ஆதாரம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் நம்பிக்கையின் மேல்தான் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இரண்டு சக்கரம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே நான் சொல்லப்போகும் பெண்ணும் அப்படித்தான் நம்பினார். இத்தனைக்கும் அவர் மெக்கானிக்.

எல்லோரும் அவரை ஸ்பேனரக்கா என்று கூப்பிடுவார்கள். கணவர் சாலையோரத்தில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அவருக்கு முதுகு போனபோது, "நான் வாயால சொல்றேன், நீ கையால முறுக்கு" என்று ஆரம்பித்த வேலை. கொஞ்ச நாளில் கணவர் சொல்வதை நிறுத்திவிட்டு டீ மட்டும் கேட்க ஆரம்பித்தார். பொம்பளை முறுக்கின நட்டு வழியில் கழன்றுவிடுமோ என்று சந்தேகப்பட்ட வாடிக்கையாளர்களிடம் அக்கா சிரிக்காமல் சொல்வார்: "கழண்டா கொண்டாங்க, வீட்டுக்காரர்கிட்டயே தர்றேன். அவர் படுத்துக்கிட்டே முறுக்குவார்." சாலையை அகலப்படுத்தியபோது பட்டறை போனது. பிறகு கணவரும் போனார். மிச்சமிருந்தது அக்காவும் ஒரே மகளும். மகள் வளர்ந்து, மேட்டின் மேல் இருந்த பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சொல்லி, அதே கம்பெனியின் பட்டறையில் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது.

ஊரைப் பார்த்தபடி மேட்டின் உச்சியில் நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் பெட்ரோல் வண்டிகள். மறு பக்கம் மின்சார வண்டிகள். இரவெல்லாம் சார்ஜ் ஒயர் கோத்து நின்று, காலையில் எல்லாம் பச்சை விளக்குக் காட்டும். நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோடு வண்டிகளைப் பிரிக்கப் போட்டதல்ல, ஆட்களைப் பிரிக்கப் போட்டது. வண்டி ஓட்டுகிறவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம், மெக்கானிக்குகள் இந்தப் பக்கம். ஓட்டுகிறவர்களுக்கு வண்டியில் ஏதாவது குறை தெரிந்தால் செல்போனில் கம்பெனி கொடுத்திருக்கும் செயலியில் டிக் அடிக்க வேண்டும்: லைட் எரியவில்லை, டயரில் காற்று இல்லை, ஹாரன் வேலை செய்யவில்லை. அதில் இல்லாத குறை உலகத்திலேயே இல்லை. பேசினால் நேரம் வீணாகிறதாம். உழைக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதைப் போல் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம் வேறு எதுவும் இல்லை.

பெட்ரோல் வண்டி சர்வீசுக்கு வந்தால் அக்காவுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். பழைய ஆயிலை வடிக்க வேண்டும். ஏர் ஃபில்டரைத் தட்ட வேண்டும். ப்ளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். செயினைக் கழுவி எண்ணெய் விட வேண்டும். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மேட்டில் ஏறி இறங்குகிற வண்டிகளில் அது சீக்கிரமே தேய்ந்துவிடும். பேட் மாற்றும்போது அதைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றத்தானே வேண்டும்? கழற்றினால் கை சும்மா இருக்காது. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கென்று இரண்டு பின்கள் உண்டு. அவற்றை உருவித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை; பேட் மாற்றினால் பின்னுக்குக் கிரீஸ், அது கையின் பழக்கம்.

மின்சார வண்டிக்கு ஆயில் இல்லை, ப்ளக் இல்லை, ஃபில்டர் இல்லை. காற்று பார்த்து, ஒயர் இணைப்புகளைப் பார்த்து, நட்டுகளை இறுக்கி, பைப்பில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, கோட்டைத் தாண்டித் தள்ளிவிட வேண்டியதுதான். பக்கத்தில் வேலை பார்த்த கார்புரேட்டர் – மனிதருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது – "இதுக்குப் பேர் சர்வீஸா அக்கா? கல்யாணத்துக்குப் போற பிள்ளைக்கு மூஞ்சி கழுவி விடுற மாதிரி இருக்கு" என்பார். அந்த வண்டிகளில் பிரேக் பேட் தேய்வதே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்துவிடுகிறது. ஓடுகிற வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் ஓட்டுகிறவர்கள் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். அக்கா டார்ச் அடித்துப் பார்ப்பார். பேட் புத்தம் புதிதாக, தடியாக இருக்கும். "ஓகே" என்பார்.

அந்த "ஓகே" எத்தனை பேரைச் சுவரில் கொண்டுபோய் மோதியது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

கொட்டகையிலிருந்து கீழே இறங்கும் சாலை செங்குத்தானது. பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவின் வெளிப்புறம் மண்சரிவைத் தடுக்கக் கட்டிய கருங்கல் சுவர். மின்சார வண்டிகள் வந்த பிறகு அங்கே விபத்துகள் ஆரம்பித்தன. எல்லாம் காலை நேரத்தில். ஒருவருக்கு முழங்கால் போனது. ஒருவருக்குத் தோள்பட்டை. பிறகு ஒரு காலையில் சிரிப்பு போனான். போனில் பேசும்போதுகூடப் பல் தெரிகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சுவரில் தலை மோதி அங்கேயே முடிந்துவிட்டது. அதிவேகம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவன் மனைவி கைக்குழந்தையோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே விடச் சொல்லி யாருக்கும் உத்தரவு வரவில்லை. காவலாளி மட்டும் தன் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். அந்தக் கம்பெனி அந்தக் குடும்பத்துக்குச் செய்த மரியாதை அந்த நாற்காலிதான். அதுவும் காவலாளியுடையது.

வேகம் என்று ஓட்டுகிறவர்கள் யாரும் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக அவர்கள் நம்பியது அதைவிட மோசம். "அந்த வளைவு ஆள் கேக்குது" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் யார் என்று தெரியாது. இப்படிப்பட்ட பேச்சுக்கு எப்போதுமே தகப்பன் இருப்பதில்லை. அன்றிலிருந்து வளைவுக்கு முன்னால் இரண்டு முறை ஹாரன் அடித்து அனுமதி கேட்பது, தாண்டியதும் ஒருமுறை அடித்து நன்றி சொல்வது என்று ஒரு வழக்கம் பிறந்தது. சுவர் என்பது கல்லும் காரையும். அதற்குப் பசி கிடையாது. சாவுக்குக் காரணம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பேயை உட்கார வைத்துவிட்டால், கம்பெனிக்கு அதைவிட வசதி என்ன? பேயிடம் யாரும் நஷ்டஈடு கேட்கப் போவதில்லையே.

சிரிப்பு செத்த சில நாளில் மகளின் பெட்ரோல் வண்டியை வாங்கிக்கொண்டு மின்சார வண்டி கொடுத்தார்கள். அன்று சாப்பிடும்போது அக்கா தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேணாம்னு சொல்லிடு."

"சொன்னா வீட்டுலயே இருன்னு சொல்லிடுவாங்கம்மா. நான் பாத்துப் போறேன். நான் என்ன பறக்கவா போறேன்?"

"அவனும் பறக்கல. வளைவு வந்ததும் ஹாரன் அடி."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நீயுமா? வளைவுக்குக் காது இருக்கா?"

"அதுக்கு இல்ல. எனக்கு இருக்கு. ரெண்டு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. மேல பட்டறை வரைக்கும் கேக்கும். மறக்காம அடி."

"சரி, உனக்காக அடிக்கறேன். ஆனா அது திருப்பி ஹாரன் அடிச்சுதுன்னா அன்னிக்கே வேலைய விட்டுடுவேன்."

அப்படித்தான் அக்காவின் காலைகள் மாறிப்போயின. மகள் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் அவர் கையிலிருக்கும் ஸ்பேனர் நின்றுவிடும். இரண்டு ஹாரன் கேட்கும். பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யாராவது கம்ப்ரசரை ஓட்டினால் பாய்ந்து போய் அணைப்பார். காதுக்குள் தன் ரத்தம் அடிப்பது மட்டும் கேட்கும். மூன்றாவது ஹாரன் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். "விடுக்கா மூச்சை. காத்து கம்பெனிதுன்னாலும் சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க" என்பார் கார்புரேட்டர். ஆனால் அவரும் அந்த நேரத்தில் சுத்தியலைத் தரையில் வைத்திருப்பார்.

பயம் ஒரு மனுஷியை எப்படி மடக்குகிறது பாருங்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவர், விபத்தெல்லாம் ஏன் மின்சார வண்டிக்கே நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். ஏன் காலையில் மட்டும்? மாலையில் அந்த வளைவுக்குப் பசிப்பதில்லையா? அவர் கேட்கவில்லை. கேட்க முடியாத அளவுக்கு நடுங்கிப் போயிருந்தார். ஹாரனுக்குக் காத்திருப்பதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் பஞ்சரான மின்சார வண்டி ஒன்று வந்தது. முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் காலிப்பரை அவிழ்த்துத் தொங்கவிட வேண்டும். அவிழ்த்த கை, பழக்கத்தில் அதை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தது. அசையவில்லை. இன்னும் அழுத்தினார். கல்லைப் பிடித்துத் தள்ளுவது போல இருந்தது. பின்கள் இரண்டும் துருவேறி இறுகிப்போயிருந்தன. டார்ச் அடித்தார். பேட் புத்தம் புதிதாக, தடியாக இருந்தது.

என்ன இது என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"அம்மா, வரேன். இதுவும் நானும் கிளம்பறோம். முதல் இறக்கத்துல மட்டும் இது என் பேச்சைக் கேக்காது. கீழ போயி கொஞ்சம் சார்ஜ் குறைஞ்சப்புறம் நல்ல பிள்ளையாயிடும்."

"என்ன சொன்னே?"

"காலைல ஆக்சிலேட்டரை விட்டாலும் இழுத்துப் பிடிக்காதும்மா. எல்லா கரண்ட் வண்டியும் அப்படித்தான். எங்க எல்லாருக்கும் தெரியும். சோம்பேறி, இன்னும் தூக்கம் கலையலன்னு சொல்லுவோம்."

அக்கா எழுந்து கோட்டை நோக்கி ஒரு அடி வைத்தார். சூப்பர்வைசர் கையைத் தட்டினார். "பேச்செல்லாம் வீட்டுல. வண்டி கிளம்பட்டும். நேரமாச்சு."

மகள் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். இறுகிய காலிப்பர் கண்ணெதிரே தொங்கியது. பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை, அப்போது அது இழுத்துப் பிடிக்காது என்று மின்சார வண்டிகள் வந்த புதிதில் பயிற்சி கொடுக்க வந்தவர் போகிற போக்கில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. காலையில் எல்லா வண்டியும் பச்சை விளக்கோடு நிரம்பி நிற்கிறது. கேட்டைத் தாண்டினால் இறக்கம். மோட்டார் பிடிக்காது. அப்போதுதான், அந்த ஒரு இடத்தில்தான், பிரேக் வேண்டும். அந்தப் பிரேக்கோ தேயாததால் யாரும் கழற்றாமல், கழற்றாததால் கிரீஸ் காணாமல், வாராவாரம் தண்ணீர் மட்டும் குடித்துத் துருப்பிடித்துக் கிடக்கிறது. மேலே முற்றத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் நிற்கும். இறக்கத்தில் நிற்காது. பாதி விஷயம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறு பாதி இதோ, தன் கையில். நடுவே ஒரு மஞ்சள் கோடு.

அக்கா ஓடினார். கோட்டை மிதித்துக்கொண்டு, சூப்பர்வைசரைத் தோளால் இடித்துக்கொண்டு ஓடினார். மகள் கேட்டில் இல்லை. போன் அடித்தார். வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே என்று சொல்லி வளர்த்தவர் அவர்தான்; அவள் எடுக்கவில்லை. முந்தைய நாள் அவரே சர்வீஸ் முடித்த பெட்ரோல் வண்டி வாசலில் நின்றது. உதைத்துக் கிளப்பி, முதல் கியரில் இறக்கத்தில் விட்டார். எஞ்சின் கதறிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது.

கீழேயிருந்து இரண்டு ஹாரன் கேட்டது.

அக்கா எஞ்சினை அணைத்தார். நடு இறக்கத்தில் அணைக்கக் கூடாது என்று தெரிந்தும் அணைத்தார். கேட்க வேண்டும். சக்கரத்தின் கீழ் சரளைக் கல் நெரிபடும் ஓசை. எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தது. மரத்தில் காற்று. அவர் விநாடிகளை எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. "அடிடி" என்றார் வாய்க்குள். "அடிச்சுடுடி."

மூன்றாவது ஹாரன் கேட்கவில்லை.

வளைவுக்கு வந்தபோது வண்டி சுவரோரம் விழுந்து கிடந்தது. முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பார்சல்கள் சாலை முழுக்க. சுவரில் சாய்ந்து மகள் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டில் குறுக்காக ஒரு விரிசல். இடது மணிக்கட்டு இருக்கக்கூடாத கோணத்தில் தொங்கியது. அக்கா வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளருகே உட்கார்ந்தார்.

"பேசு. ஏதாவது பேசு."

"மூணாவது அடிக்கக் கை இல்லம்மா" என்றாள் மகள். "ரெண்டு லீவரையும் பிடிச்சேன். நிக்கல. இடது கட்டைவிரல் ஹாரன் மேல இருந்துச்சு. அதை எடுத்து முழுக் கையால பிடிக்கறதுக்குள்ள சுவர் வந்துடுச்சு. படுத்துட்டேன். வண்டியோட சேர்ந்து உரசிக்கிட்டு வந்தேன்."

அக்காவுக்கு அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. இடது லீவர் பின்பிரேக். இடது கட்டைவிரல் ஹாரன். பாதுகாப்புக்கென்று தான் கேட்டு வாங்கிய ஹாரன், இருந்த கொஞ்சநஞ்சப் பிரேக்கிலிருந்தும் ஒரு விரலை எடுத்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போனானா? இனி யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்துக் கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். இன்னொருவர், "நல்ல வேளை, ஹாரன் அடிச்சுட்டு வந்தா. இல்லன்னா ஆளையே எடுத்திருக்கும்" என்றார்.

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். தலைத்துணியை அவிழ்த்து மகளின் கையை ஒரு பார்சல் அட்டையோடு சேர்த்துக் கட்டினார்.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போதே சூப்பர்வைசர் கம்பெனி வேனில் வந்து இறங்கினார். கார்புரேட்டரும் கூட வந்தார். "உயிருக்கு ஒண்ணுமில்லையே? நல்லது. வண்டியை ஏத்துங்க. ரோட்டைக் காலி பண்ணணும்" என்றார் சூப்பர்வைசர். அவரும் பயந்துதான் போயிருந்தார்; அவருடைய பயமெல்லாம் மேலிடத்திலிருந்து வரப்போகும் போனைப் பற்றியது.

அக்கா விழுந்து கிடந்த வண்டியின் மேலேயே உட்கார்ந்தார். "பின்பிரேக்கைக் கழட்டிப் பாக்காம இது எங்கயும் போகாது. முன்பிரேக்கும்தான்."

"அக்கா, அதெல்லாம் மேல போய்ப் பாத்துக்கலாம்."

"மேல போனா கழுவிடுவீங்க."

கார்புரேட்டர் எதுவும் கேட்காமல் ஸ்பேனரை நீட்டினார். நாலு பேர் பார்க்க, நடுரோட்டில், இரண்டு காலிப்பரையும் அவிழ்த்தார்கள். காலிப்பர் பின் வெளியே வரவில்லை. சுத்தியலால் தட்டிய பிறகு முழுக்கச் சிவந்த துருவோடு உரிந்து வந்தது. சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார்.

"பேட் புதுசா இருக்கே அக்கா. பிரேக் நல்லாத்தானே இருக்கு?"

"ஆமா, புதுசா இருக்கு. அதான் யாரும் கழட்டல. நானும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஓகேன்னு அனுப்பினேன்." அக்கா துருப்பிடித்த பின்னை, ஹாரனைப் பற்றிச் சொன்ன மனிதரின் உள்ளங்கையில் வைத்தார். "ஆள் கேட்டது இதுதான்யா. வேணும்னா இதுகிட்ட ஹாரன் அடிங்க."

அன்று மதியம் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சூப்பர்வைசருக்கும் புரிந்திருந்தது. எல்லா மின்சார வண்டிகளின் பிரேக்கையும் அவிழ்த்தார்கள். பாதிக்கு மேல் இறுகிக் கிடந்தன. ஒவ்வொருவரும் தன் வண்டியின் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு, தான் தப்பித்த காலைகளை நினைத்து முகம் வெளிறி நின்றார்கள்.

கம்பெனி கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். மின்சார வண்டிகளுக்கும் காலிப்பரைக் கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கான நேரம் மட்டும் கூடுதலாக வரவில்லை. முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டே சார்ஜ் போடுங்கள் என்று ஓட்டுகிறவர்கள் கேட்டது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. சிரிப்பின் பெயருக்கு எதிரே அதிவேகம் என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது. அக்காவும் கார்புரேட்டரும் துருப்பிடித்த பின்களை ஒரு டப்பாவில் போட்டு அவன் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் அதை வைத்துக்கொண்டு வக்கீலிடம் நடந்துகொண்டிருக்கிறாள்.

மகளின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. அவள் மறுபடியும் மின்சார வண்டியில்தான் போகிறாள். பிரேக்கை அம்மா கையால் கழற்றி மாட்டிய பிறகுதான் போகிறாள். ஹாரன் அடிக்கக் கூடாது, இரண்டு கையும் லீவரில் இருக்க வேண்டும் என்பது அக்காவின் புதுக்கட்டளை. அதனால் இப்போது காலையில் கீழேயிருந்து எந்தச் சத்தமும் வருவதில்லை. அந்த நேரம் வந்தால் அக்காவின் ஸ்பேனர் இன்னும் நிற்கிறது. வாய் இன்னும் உலர்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பயம் ஓடிவிடும் என்று சொல்கிறவர்கள் பிள்ளையை இறக்கத்தில் அனுப்பிப் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பயத்துக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது: அடுத்த வண்டியின் காலிப்பரை அவிழ்க்க வைக்கிறது.

உங்கள் ஊரிலும் ஆள் கேட்பதாகச் சொல்லப்படும் ஒரு வளைவோ பாலமோ இருக்கும். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், எந்த வண்டி, எந்த நேரம், யார் கடைசியாகப் பிரேக்கை அவிழ்த்தது என்று கேளுங்கள். உங்கள் வண்டியை நாளைக் காலையில் எடுப்பதற்கு முன், சமதரையில் தள்ளி ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் போங்கள். வண்டி காலையில் எப்படி, மாலையில் எப்படி, எந்த இறக்கத்தில் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று, அற்பமாகத் தோன்றுவதையும் விடாமல் சொல்லுங்கள். பேட் புதிதாக இருக்கிறது என்று அவர் சொன்னாலும் நகராதீர்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.